சிற்றலை அஞ்சல் நிலையமும் வன்னிப் பெருநிலமும்

அறிவியல் மனிதனுக்கு அளித்த கருவிகளுள் வானொலியைப் போல் எளியவர் குடிசையிலும் இயல்பாகக் குடிபுகுந்தது பிறிதொன்றில்லை. எழுத்தறியாதவரும் அதனாற் பயன்பெறுவர். தெருவில்லாத ஊரையும் அது சென்றடையும். அரசியல் எல்லைகளும் அதனை எளிதில் மறிப்பதில்லை. வானொலி அலைகளுள்ளும் உலகையே சுற்றிவர வல்லது சிற்றலை. தொலைதூரத்திலிருந்து வரும் நிகழ்ச்சியை இடைவழியில் ஏற்று, வலுவூட்டி, மீண்டும் வானில் ஏவும் இடத்தை அஞ்சல் நிலையம் என்பர்.

இலங்கையின் சிற்றலை வரலாற்றைப் பேசுவோர் ஏக்கல, திருகோணமலை, இரணவில என்னும் மூன்று இடங்களைக் குறிப்பிடுவர். இம்மூன்றும் வன்னிக்கு வெளியே உள்ளவை. அவ்வாறாயின், வன்னியை முன்வைத்து இவற்றைப் பற்றி எழுதவேண்டிய தேவை யாதென வாசகர் வினவலாம். ஒரு நிலையம் எவர் பொருட்டு எழுந்தது, அதன் ஓசை எவருக்குப் பயன்பட்டது, எவரைத் தாண்டிச் சென்றது என்பவற்றைக் கோபுரத்தின் அடியில் நின்று அறிதல் அரிது. தொலைவில், கையிலொரு சிறு வானொலிப் பெட்டியோடு இருந்து கேட்டவரே அதனை அறிவர். வன்னி மக்கள் அவ்வாறு கேட்டவர்கள். ஆதலின் அவர்கள் பக்கமிருந்து இவ்வரலாற்றை நோக்குவது பொருத்தமேயாகும்.

அஞ்சலோட்டமும் அஞ்சல் நிலையமும்

கல்லூரி இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அஞ்சலோட்டத்தைக் கண்டிராதார் இலர். ஒருவன் தன் பங்குத் தூரத்தை ஓடி முடித்துக் கோலை அடுத்தவன் கையிற் கொடுக்கிறான். பெற்றவன் களைப்பறியாத கால்களோடு ஓடுகிறான். ஓடியவர் நால்வர், சென்ற கோல் ஒன்றே. வானொலி அஞ்சலின் தத்துவமும் இதுவே. ஈண்டுக் கோல் என்பது செய்தி, ஓடுபவர் நிலையங்கள்.

இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். அத்துணைத் தூரம் கடலும் மலையும் கடந்து வரும் அலை இளைத்துப்போகும். இரைச்சலும் மங்கலும் அதனோடு கலந்துவிடும். இடையில் ஒரு நிலையம் இருப்பின், அங்கு நல்ல வாங்கிக் கருவிகளால் அந்நிகழ்ச்சியைத் தெளிவாகப் பெற்று, புதிய வலுவோடு அண்டை நாடுகளுக்கு அனுப்பலாம். முற்காலத்தில் நிகழ்ச்சிகள் அஞ்சல் நிலையத்துக்குச் சிற்றலை மூலமாகவோ ஒலிநாடாவிற் பதிவாகவோ வந்தன. பிற்காலத்தில் செயற்கைக்கோள் வழியே வந்தன. வந்த வழி மாறினும் அஞ்சல் நிலையத்தின் கடமை மாறவில்லை.

வன்னி உழவருக்கு இதனை வேறொரு வகையாலும் விளக்கலாம். மழைநீர் ஆறாக ஓடி வருகிறது. அதனைக் குளத்தில் மறித்து, துருசு திறந்து, வாய்க்கால் வழியே வயலுக்கு விடுகிறோம். குளமில்லையேல் ஆற்றுநீர் கடலிற் கலந்துவிடும். வானலைக்கு அஞ்சல் நிலையம் அத்தகைய குளமாகும். எனினும் குளம் நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. எந்த வாய்க்காலுக்கு எப்பொழுது நீர் விடுவது என்று தீர்மானிப்பவர் ஒருவர் வேண்டும். இக்கருத்தை வாசகர் மனத்திற் கொள்வாராக.

வானத்திலுள்ள கண்ணாடி

1901ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மார்க்கோனி என்னும் இத்தாலியர் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலிருந்து அனுப்பிய குறியை அத்திலாந்திக் சமுத்திரத்தின் அப்பாலுள்ள நியூபவுண்லாந்திற் பெற்றதாக அறிவித்தார். அறிஞர் வியப்புற்றனர். வானொலி அலை ஒளியைப் போல நேராகச் செல்வது, பூமியோ உருண்டை. நேராகச் செல்லும் அலை வளைந்த பூமியைச் சுற்றி எவ்வாறு சென்றது? 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற படை ஒன்று இருத்தல்வேண்டும் எனத் தனித்தனியே கூறினர். 1924ஆம் ஆண்டில் அப்பிள்ற்றன் என்பார் பரிசோதனை மூலம் அப்படை உண்டென நிறுவினார். அவருக்கு 1947ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அப்படைகளின் தொகுதியையே இன்று அயன் மண்டலம் என்கிறோம்.

சூரியனிலிருந்து வரும் புறவூதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களைத் தாக்கி இலத்திரன்களைப் பிரிக்கின்றன. அதனால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்திலும், அதற்கு மேல் 200 முதல் 400 கிலோமீற்றர் வரையான உயரத்திலும் மின்னேற்றப் படைகள் உண்டாகின்றன. இவை சிற்றலையை மீண்டும் பூமியை நோக்கி வளைத்து அனுப்புகின்றன. பூமி அதனை மேலே தெறிக்கச் செய்ய, அஃது அடுத்த துள்ளலைத் துள்ளுகிறது. மேற்படையில் தெறிக்கும் அலை ஒரு துள்ளலில் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் வரை செல்லக்கூடும். பகலிற் சூரிய ஒளி மிகுந்திருக்கையில் 19 மீற்றர், 25 மீற்றர் போன்ற குறுகிய அலைகள் தொலைதூரத்துக்கு ஏற்றவை; இரவில் 41 மீற்றர், 49 மீற்றர் போன்றவை ஏற்றவை. பகலில் ஊமையாய்க் கிடந்த இடத்தில் இரவில் ஓர் அயல்நாடு பேசுவதன் காரணம் இதுவே.

இச் சிற்றலையின் அருமையை முதலில் உணர்ந்தவர் பெரிய நிறுவனத்தாரல்லர். 200 மீற்றருக்குக் குறைந்த அலைகள் பயனற்றவை என்று கருதி, 1912ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவற்றைப் பொழுதுபோக்கு வானொலியாளருக்கு ஒதுக்கிவிட்டனர். 1923ஆம் ஆண்டில் அவ்வன்பர்களே அத்திலாந்திக்கின் இருகரையிலுமிருந்து ஒருவரோடொருவர் உரையாடிக் காட்டினர். அதன் பின்னரே அரசுகள் விழித்தன. 1932ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள் பீ. பீ. சி. தனது பேரரசு ஒலிபரப்பை இங்கிலாந்தின் டவென்றி நகரிலிருந்து சிற்றலையில் ஆரம்பித்தது.

சிற்றலைக்கு ஒரு குறைபாடும் உண்டு. நிலத்தையொட்டிச் செல்லும் அலை சில பத்துக் கிலோமீற்றரில் தேய்ந்துவிடும். வானிற் சென்று மீளும் அலையோ பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலேயே இறங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் ஓசை கேளாது. இதனைத் தாவல் வலயம் என்பர். ஆகவே ஒரு பெரு நிலையம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் முழங்கிக்கொண்டிருக்க, அதன் அயலூரார் ஒன்றுங் கேளாதிருத்தல் கூடும். அயலூராருக்குக் கேட்கவேண்டுமாயின், 60 மீற்றர் போன்ற நீண்ட சிற்றலையைத் தெரிந்து, தாழ்வாகக் கட்டிய கம்பிகளால் அதனை நேரே மேல்நோக்கி ஏவவேண்டும். அது குடைபோல விரிந்து சுற்றுப்புறமெங்கும் இறங்கும். இடியும் மின்னலும் மிக்க வெப்ப நாடுகளில் மத்திய அலையை இரைச்சல் கெடுப்பதனால், இம்முறை அந்நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்குப் பெரிதும் பயன்பட்டது. சுருங்கக் கூறின், அண்மையிலுள்ளவரோடு பேசுவதா, தொலைவிலுள்ளவரோடு பேசுவதா என்பதைக் கம்பியைக் கட்டும்போதே நிலையத்தார் தீர்மானிக்க வேண்டும்.

ஏக்கலவில் எழுந்த நிலையம்

இலங்கையில் வானொலி முயற்சியைத் தொடக்கிவைத்தவர் 1921ஆம் ஆண்டில் இங்கு வந்த தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக்கொண்டு அவர் பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார் என வரலாறு கூறுவோர் எழுதுவர். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியின் ஒழுங்கான சேவையை ஆரம்பித்துவைத்தார். வெலிக்கடையில் அமைந்த அதன் கருவியின் வலு ஒரு கிலோவாற்று மாத்திரமே.

இத்தீவைச் சிற்றலை உலகின் நடுவிடங்களுள் ஒன்றாக்கியது இரண்டாம் உலகப் போர். மவுண்ற்பேற்றன் பிரபுவின் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் 1944ஆம் ஆண்டிற் கண்டிக்கு வந்தது. பர்மா முதலிய களங்களில் போரிட்ட நேசநாட்டுப் படையினருக்குச் செய்தியும் இசையும் வழங்குதற்காக 'றேடியோ சியாக்' என்னும் நிலையம் நிறுவப்பட்டது. 1944ஆம் ஆண்டில் 7.5 கிலோவாற்றுக் கருவியோடு அது பேசத் தொடங்கிற்று. கொழும்புக்கு வடக்கே, ஜா-எலவுக்கு அண்மையிலுள்ள ஏக்கலவில் 100 கிலோவாற்று வலுவுள்ள பெருங்கருவி நிறுவப்பட்டு 1946ஆம் ஆண்டில் இயங்கியது. யப்பான் 1945ஆம் ஆண்டிலேயே சரணடைந்துவிட்டது. போருக்கென வந்த பெருங்கருவி போர் முடிந்தபின்னரே முழு வலுவோடு வாய்திறந்தது!

பிரித்தானியர் அந்நிலையத்தைச் சுதந்திர இலங்கையின் அரசாங்கத்திடம் கையளித்தனர். 1949ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. சிறிய நாட்டின் கையிற் பெரிய குரல் கிடைத்தது. அதனை என் செய்வதென்ற வினாவுக்கு இருவகை விடை கிடைத்தது. ஒன்று, 1950ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு. மற்றொன்று, பிறநாட்டு நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்தல். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குரல் வானொலியோடு ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டு, அதன் நிகழ்ச்சிகள் இங்கிருந்து அஞ்சலாயின.

வர்த்தக ஒலிபரப்பின் வெற்றி பலரும் அறிந்ததே. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபோட் டொட் அதனை வளர்த்தார். 1952ஆம் ஆண்டளவில் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தவே, இந்திய நேயர் கொழும்பை நோக்கித் திரும்பினர். அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பம்பாயிற் பதிவாகி, ஆகாய விமானத்திற் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்தியாவுக்கே சென்றது. இதுவும் ஓர் அஞ்சலோட்டமன்றோ! 1957ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விவித பாரதியைத் தொடங்கி இந்தியா இதற்கு விடையிறுத்தது.

தமிழ் ஒலிபரப்பும் அக்காலத்தில் தழைத்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையின் இருபுறத்தும் வீட்டுக் குரலாயிற்று. சானா எனப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத்தில் ஈழத்துப் பேச்சுத் தமிழுக்கு இடம் தந்தார். இலங்கை வானொலியிற் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக்கலை' என்னும் நூலை எழுதித் தமிழில் இத்துறைக்கு வழிகாட்டினார். இலண்டன் பீ. பீ. சி. நிலையத்தில் 1941ஆம் ஆண்டில் ஆரம்பமான தமிழ் ஒலிபரப்புக்குப் பின்னர் 'தமிழோசை' என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வட இந்தியாவை நோக்கி ஏக்கலவிலிருந்து ஏவிய அலை, வன்னியின் தலைக்கு மேலாகவே பறந்து சென்றது. ஏக்கலவிலிருந்து கிளிநொச்சி 250 கிலோமீற்றர் அளவே. துள்ளிச் செல்லும் அலைக்கு அது காலடி நிழல். வன்னி நேயரை அடைந்தவை, உள்நாட்டுச் சேவைக்கெனத் தனியே அமைந்த அலைகளே. வருவாய் தந்த குரல் ஒன்று. வீட்டாரோடு பேசிய குரல் மற்றொன்று.

அயலார் கோபுரங்கள்

1967ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் வானொலித் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1972ஆம் ஆண்டிலிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என வழங்குகிறது. பின்வந்த காலத்தில் இரு வெளிநாட்டு நிலையங்கள் இத்தீவில் இடம் பெற்றன.

முதலாவது, மேற்கு ஜேர்மனியின் 'டொச்ச வெல்ல' வானொலி திருகோணமலைக் கடற்கரையில் அமைத்த அஞ்சல் நிலையம். 1984ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் தலா 250 கிலோவாற்று வலுக்கொண்ட சிற்றலைக் கருவிகள் நிறுவப்பட்டன. ஜேர்மனியிற் பிறந்த நிகழ்ச்சி இக்கரையில் வலுப்பெற்று ஆசிய நாடுகளுக்குச் சென்றது. சிற்றலைச் செலவை ஜேர்மனியர் குறைத்தபின், 2010களின் முற்பகுதியில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, சிலாபத்துக்கு அண்மையில் இரணவிலவில் எழுந்த அமெரிக்காவின் குரல் நிலையம். 1983ஆம் ஆண்டில் இதற்கான உடன்படிக்கை ஏற்பட்டது. அயல்நாடாகிய இந்தியா இதனை ஐயத்தோடு நோக்கிற்று. 1987ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் இந்திய இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு வழங்கிய வசதிகள் பொது ஒலிபரப்புக்கன்றிப் படைத்துறை அல்லது உளவுத்துறை நோக்கங்களுக்குப் பயன்படாதவாறு மீளாயப்படும் என்று குறிக்கப்பட்டது. 1990களில் நிலையத்தைக் கட்டிய காலை, அப்பகுதி மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலையம் எழுந்தது, சில ஆண்டுகள் பேசிற்று, 2016ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இவற்றைக் கூறுவது அயலாரைப் பழிப்பதற்கன்று. அஞ்சல் நிலையம் என்பது வெறும் இயந்திரசாலையன்று என்பதைக் காட்டுதற்கே. அது நிற்கும் நிலம் ஒருவருடையது. அதிற் பேசும் குரல் பிறிதொருவருடையது. கேட்கும் செவி வேறொரு நாட்டிலுள்ளது. இம்மூன்றும் ஒன்றாதல் அரிது.

வன்னி கேட்ட வகை

இனி வன்னிக்கு வருவோம். 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்னிணைப்பு இல்லாதொழிந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்ந்தன. பத்திரிகை வருவது அரிதாயிற்று, தொலைபேசி அற்றது. அத்தகைய வேளையில் மக்களுக்கு எஞ்சியது வானத்திலிருந்து தானே இறங்கிய சிற்றலை. அதனைத் தடுக்கச் சோதனைச்சாவடியும் இல்லை. துண்டிக்கக் கம்பியும் இல்லை.

மின்கலமின்றி வானொலியை இயக்கும் வகையை மக்களே கண்டனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உராயும் தைனமோ மின்னை ஆக்கிற்று. மற்றவர் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். சுழற்றும் வேகம் தளர்ந்தாற் குரலும் தளரும். ஆதலின் கை மாற்றிச் சுழற்றினர். தைனமோவுக்குள் சுழலும் காந்தம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்னும் பரடேயின் விதியைப் பாடநூலிற் கற்குமுன் தம் தோள்வலியாற் கற்ற சிறுவர் பலர். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நடந்த அஞ்சலோட்டத்தின் கடைசிக் கோலை ஏந்தி ஓடியவர் இச்சிறுவரே எனல் மிகையாகாது.

அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது இரவு ஒன்பது மணிக்குப் பின் வந்த பீ. பீ. சி. தமிழோசை. சிங்கப்பூரின் கிராஞ்சி, ஓமான் முதலிய இடங்களிலிருந்த அஞ்சல் நிலையங்கள் ஆசிய நாடுகளுக்கான பீ. பீ. சி. ஒலிபரப்பை வலுவூட்டி அனுப்பின. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் பலருக்குத் துணையாயிற்று. அயலூரில் நிகழ்ந்ததை அறிவதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த குரலை நம்பியிருக்க நேர்ந்தது. காணாமற்போன உறவினர் பற்றியோ மூடப்பட்ட பாதை பற்றியோ ஒரு சொல் வருமோ எனக் காத்திருந்தோருக்கு அவ்வரை மணிநேரம் ஒரு நாளினும் நீண்டது.

வன்னியிலும் கோபுரங்கள் எழாமலில்லை, எழுந்தவை நிலைக்கவில்லை. கண்டி வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் அமைந்த தொலைக்காட்சி அஞ்சல் கோபுரம், 1990ஆம் ஆண்டு யூலையில் அங்கிருந்த படைமுகாம் வீழ்ந்தபோது அழிந்தது. கிளிநொச்சியிலிருந்த புலிகளின் குரல் வானொலி நிலையம் 2007ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் விமானத் தாக்குதலுக்கு இலக்காக, அங்கு பணிபுரிந்தோரும் உயிரிழந்தனர். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் அதனைக் கண்டித்தார். யாருடைய கோபுரமாயினும் போரில் அஃது இலக்காகும் என்பதே இதனாற் பெறப்படுவது. போர் முடிந்தபின், 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் கொக்காவிலில் 2011ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆனால் அது காணும் தூரத்துக்கே செல்லும் அலைகளுக்கானது, சிற்றலைக்கானதன்று.

குளக்கட்டின் கீழே காய்ந்த வயல்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளை முல்லைத்தீவு மக்கள் மறவார். சுமாத்திராவின் மேற்குக் கரையோரம் கடலடியில் நில அதிர்வு நிகழ்ந்தபோது அக்கால இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முந்திய பொழுது. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. அதே தூரத்தை வானொலி அலை கடப்பதற்கு நூறில் ஒரு செக்கனும் வேண்டியதில்லை. ஏனெனில் அது செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது.

ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையத்தார் நில அதிர்வை விரைவில் அறிந்து, கால்மணி நேரத்தளவில் தம் முதல் அறிக்கையை விடுத்தனர். முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில், திருகோணமலையில், 250 கிலோவாற்றுச் சிற்றலைக் கருவிகள் இருந்தன. முல்லைத்தீவுக் கரையோரத்தில் வானொலிப் பெட்டிகளும் இருந்தன. அறிவு இருந்தது, கருவி இருந்தது, செவியும் இருந்தது. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஒழுங்கு இந்து சமுத்திர நாடுகளில் அன்று இருக்கவில்லை. அஞ்சலோட்டத்தில் முதல்வன் கோலை ஏந்தி ஓடிவந்தான். அதனை வாங்கக் கை நீட்டுவாரில்லை. குளம் நிறைந்திருந்தும் குளக்கட்டின் கீழுள்ள வயல் காய்ந்தது.

இஃது எந்த நிலையத்தாரையும் குறைகூறும் கூற்றன்று. அயல்நாட்டு நிகழ்ச்சியை அயல்நாட்டுக்கு அனுப்பவே அவர்கள் பணிக்கப்பட்டிருந்தனர். அயலிலுள்ள மீனவனோடு பேசுமாறு அவர்களை எவரும் பணித்திலர். இங்கேதான் நம் சிந்தனை தங்கவேண்டும்.

அவ்வழிவின்பின் நிகழ்ந்த மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. தென்கரையில் ஹம்பாந்தோட்டையின் தொலைபேசித் தொடர்புகள் அற்றிருந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளர் சிறு சிற்றலைக் கருவிகளோடு அங்கு சென்று கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். இத்தகைய கருவிகளின் வலு நூறு வாற்று அளவே. மோட்டார் வாகன மின்கலம் ஒன்றே அவற்றை இயக்கப் போதும். பேசவேண்டியது இன்னதென்றும் கேட்பவர் இன்னாரென்றும் அறிந்தவர் கையிற் சிறு கருவியும் பெரும்பணி செய்தது. அடுத்த ஆண்டே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. பின்னர் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன.

மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும்

இன்று சிற்றலை உலகெங்கும் ஒடுங்கி வருகிறது. தமிழோசை வானொலி 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. வெரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பு 2018ஆம் ஆண்டில் நின்றது. கிராஞ்சி நிலையம் 2023ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கைத்தொலைபேசியும் இணையமும் வந்தபின் சிற்றலைக்கு இடமில்லை என்பர். அமைதிக் காலத்துக்கு அஃது உண்மையே. ஆயினும் கைத்தொலைபேசிக்கு அருகே ஒரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின் வேண்டும். புயலும் வெள்ளமும் போரும் முதலிற் பறிப்பவை இவ்விரண்டையுமே. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் வவுனியாவை ஊடறுத்துத் தனுக்கோடியை அழித்த சூறாவளி மீண்டும் வாராதென எவர் உறுதி கூறவல்லார்? அயன் மண்டலத்துக்கு அவை எட்டா. ஆதலின் சிற்றலை அறிவை முற்றாகக் கைவிடுதல், ஊரில் குழாய்நீர் வந்ததென்று கிணற்றைத் தூர்ப்பதை ஒக்கும்.

மாணாக்கர் செய்யத்தக்க எளிய பரிசோதனை ஒன்றுண்டு. பழைய சிற்றலைப் பெட்டி ஒன்றைப் பெற்று, ஒருவார காலம் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் 19, 25, 41, 49 மீற்றர் பகுதிகளைத் தேடி, கேட்ட நிலையம், மொழி, தெளிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருக. பெட்டியின் உள்ளுணர்கொம்புடன் பத்து மீற்றர் நீளமான சாதாரணச் செப்புக் கம்பியை இணைத்து மரத்திற் கட்டின் வேறுபாடு தெரியும். இடிமின்னல் வேளையில் அக்கம்பியைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. அயன் மண்டலம் பகலில் இறுகி இரவில் மாறும் இயல்பைப் பாடநூலினும் தெளிவாக அக்குறிப்பேடு கற்பிக்கும். விருப்பமுடையோர் பொழுதுபோக்கு வானொலித் தேர்வுக்கு ஆயத்தஞ்செய்து உரிமம் பெறலாம். ஒவ்வொரு பிரதேசத்திலும் அத்தகையோர் நால்வரேனும் இருப்பின், கோலை வாங்கும் கை நம் பக்கத்திலும் இருக்கும்.

பழைய மாணவரிடம் வேண்டுவது ஒன்று. ஏக்கல, திருகோணமலை, இரணவில நிலையங்களின் வலுவும் உயரமும் ஆவணங்களில் உள்ளன. தைனமோ சுழற்றிக் கேட்டவரின் வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தப் பெட்டியில், யார் யார் கூடியிருந்து எதனைக் கேட்டீர்கள் என்பதை ஈழத்திலிருப்போரும் கடல்கடந்து வாழ்வோரும் எழுதியனுப்புவீராக. வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய வானொலிப் பெட்டியும் துவிச்சக்கர வண்டித் தைனமோவும் கல்லூரி ஆய்வுகூடத்தில் வைக்கத் தக்கவை. வருங்கால மாணாக்கர் அவற்றைக் கண்டு கற்பர்.

அஞ்சல் நிலையத்தின் வலு கிலோவாற்றில் அளக்கப்படும். அதன் பயனோ, கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்த நீரைப் போல, கடைசிச் செவியில் விழுந்த சொல்லாலேயே அளக்கப்படும்.